முரட்டு ஓட்டுநருக்கு நாம் கொடுக்கும் விநாடி



பள்ளிக்குச் சைக்கிளில் செல்லும் உங்களில் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். சாலையின் இடது ஓரமாக ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருப்பீர்கள். திடீரென்று முதுகுக்குப் பின்னால் ஒரு பேருந்தின் ஹாரன் அலறும். தடுமாறி மண்ணில் இறங்குவீர்கள். பேருந்து உங்கள் தோளை உரசுவதுபோல் கடந்து, புழுதியை முகத்தில் இறைத்துவிட்டுப் போகும். முதலில் பயம் வரும். அடுத்த கணமே கோபம் வரும்.

எனக்கும் அப்படித்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை நேரம். அப்போது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் மகளைப் பள்ளியில் விடுவதற்காக ஸ்கூட்டரில் அழைத்துச் சென்றேன். மேலே சொன்னபடியே ஒரு பேருந்து எங்களைச் சாலையை விட்டு இறக்கிவிட்டது. இருவருக்கும் அடி ஒன்றுமில்லை. ஆனால் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அந்த ஓட்டுநரை நிறுத்தி நாலு வார்த்தை கேட்டே தீருவது என்று ஸ்கூட்டரை முறுக்கினேன். மணிக்கு 54 கி.மீ. வேகத்தில், பேருந்துக்கு ஏழெட்டு மீட்டர் பின்னால் போய்க்கொண்டிருந்தபோது மகள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, இப்ப பஸ் பிரேக் போட்டா நம்மால நிறுத்த முடியுமா?”

இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன் நான். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. வேகத்தைக் குறைத்தேன். இரண்டு கிலோமீட்டர் சென்றதும் ரயில்வே கேட் மூடியிருந்தது. பேருந்து அங்கே நின்றுகொண்டிருந்தது. நாங்களும் மெதுவாகச் சென்று அதன் பின்னால் நின்றோம்.

மகள் கேட்ட கேள்விக்கு விடை என்ன? அதை நீங்களே கணக்கிட முடியும். பத்தாம் வகுப்புக் கணிதமும் ஓர் அடிக்கோலும் போதும்.

மூளைக்கும் நேரம் வேண்டும்

முதலில் ஒரு சிறு சோதனை. நண்பர் ஒருவர் 30 செ.மீ. அடிக்கோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டுப் பிடித்துக்கொள்ளட்டும். அதன் கீழ் முனையில், சுழி இருக்கும் இடத்தில், உங்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்லாமல் கோலை விட்டுவிட வேண்டும். நீங்கள் பிடிக்க வேண்டும். எவ்வளவு முயன்றாலும் கோல் ஏறத்தாழ 15 முதல் 20 செ.மீ. வரை நழுவிய பிறகுதான் பெரும்பாலோருக்கு அகப்படும். 20 செ.மீ. தூரம் விழுவதற்கு ஒரு பொருள் எடுத்துக்கொள்ளும் நேரம் 0.2 விநாடி. அதுதான் உங்கள் எதிர்வினை நேரம்.

இனி அதே சோதனையை, 13-ஆம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்து பாருங்கள். கோல் இன்னும் கீழே போய்விடும். சில வேளை அகப்படாமலே போகும். பேசிக்கொண்டே ஓட்டுபவரின் நிலை இதுதான்.

சாலையிலோ விரலை மூடுவது மட்டும் வேலை அன்று. ஆபத்தைக் காண வேண்டும். அது ஆபத்துதான் என்று உணர வேண்டும். பின்பு காலையோ கையையோ பிரேக்குக்குக் கொண்டுபோக வேண்டும். இவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரு விநாடி எனக் கொள்வோம். சோர்வாகவோ கவனக்குறைவாகவோ இருப்பவருக்கு இதற்கு மேலும் ஆகும்.

அந்த ஒரு விநாடியில் வண்டி வேகம் குறையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். மணிக்கு 36 கி.மீ. என்றால் விநாடிக்கு 10 மீட்டர். 54 கி.மீ. என்றால் 15 மீட்டர். 72 கி.மீ. என்றால் 20 மீட்டர்.

நிற்க எவ்வளவு தூரம் வேண்டும்?

பிரேக் பிடித்த பிறகும் வண்டி உடனே நிற்பதில்லை. அதன் இயக்க ஆற்றல் முழுவதையும் பிரேக்கும் சாலையின் உராய்வும் வெப்பமாக மாற்றியாக வேண்டும். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கு நேர் விகிதத்தில் இருக்கிறது. ஆகவே வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். வகுப்பில் படித்த சமன்பாட்டை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × எதிர்முடுக்கம்).

காய்ந்த தார்ச்சாலையில் எதிர்முடுக்கம், விநாடி வர்க்கத்திற்கு 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்வினைக்கு ஆகும் தூரத்தையும் சேர்த்தால்,

மணிக்கு 36 கி.மீ.: 10 + 10 = 20 மீட்டர்
மணிக்கு 54 கி.மீ.: 15 + 22.5 = 37.5 மீட்டர்
மணிக்கு 72 கி.மீ.: 20 + 40 = 60 மீட்டர்

மழையில் உராய்வு குறைந்து எதிர்முடுக்கம் பாதியாகிவிட்டால், ஒவ்வொரு வரியிலும் இரண்டாவது எண் இரு மடங்காகும்.

இந்த எண்களில் மறைந்திருக்கும் பயங்கரத்தைப் பாருங்கள். ஒரு தெருவில் இரண்டு கார்கள் அருகருகே வருகின்றன. ஒன்றின் வேகம் 36 கி.மீ.; மற்றொன்றின் வேகம் 54 கி.மீ. சரியாக 20 மீட்டர் முன்னால் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு குறுக்கே ஓடி வருகிறான். இரு ஓட்டுநர்களும் ஒரே நேரத்தில் பார்க்கிறார்கள். ஒரு விநாடியில் பிரேக் பிடிக்கிறார்கள். முதல் கார் சிறுவனைத் தொடாமல் நின்றுவிடுகிறது. இரண்டாவது கார் அந்த இடத்தை அடையும்போது அதன் வேகம் என்ன? கொஞ்சம்தான் மிச்சமிருக்கும் என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எதிர்வினை நேரத்திலேயே 15 மீட்டர் போய்விட்டது. பிரேக்குக்குக் கிடைத்தது 5 மீட்டர் மட்டும். 225-இல் இருந்து 50 போக 175. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 13.2. அதாவது கார் இன்னும் மணிக்கு 48 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருக்கிறது! அது ஏறத்தாழ 9 மீட்டர் உயரத்திலிருந்து, மூன்று அடுக்குக் கட்டடத்தின் மொட்டை மாடியிலிருந்து, தரையில் விழும் வேகத்துக்குச் சமம்.

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. மணிக்கு 19 பேர். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் உயிரிழந்தது அதிவேகத்தால் நேர்ந்த விபத்துகளில். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு. பெருமைப்படக்கூடிய முதலிடம் அன்று.

அவசரத்தால் கிடைத்தது என்ன?

சரி, இவ்வளவு ஆபத்தை விலைக்கு வாங்கி அவசரக்காரர் பெறுவது என்ன? 10 கி.மீ. தூரத்தை 40 கி.மீ. வேகத்தில் கடக்க 15 நிமிடம். 50 கி.மீ. வேகத்தில் 12 நிமிடம். மிச்சம் மூன்று நிமிடம். அதுவும் வழியில் சிக்னலோ, சந்தைக் கூட்டமோ, ரயில்வே கேட்டோ இல்லாவிட்டால்தான். என்னை மண்ணில் இறக்கிய பேருந்து சேமித்த நேரத்தையெல்லாம் அந்தக் கேட் வாங்கிக்கொண்டது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூகி சுகியாமாவும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை நடத்தி, அதன் முடிவை 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சம இடைவெளியில் நிறுத்தி, மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை, பள்ளம் இல்லை. சிறிது நேரம் ஒழுங்காகச் சுற்றின. பிறகு யாரோ ஒருவர் சற்று நெருங்கி, சற்று பிரேக் பிடித்தார். பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தார். கடைசியில் சில கார்கள் முற்றிலும் நின்றே போயின! அந்த நெரிசல் ஓர் அலைபோல் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. நெருக்கியடித்து ஓட்டுவதால் எவரும் முன்னே போவதில்லை. எல்லோரும் சேர்ந்து நிற்கிறோம்.

மகளின் கேள்விக்கு விடை

இனி என் ஸ்கூட்டருக்கு வருவோம். பேருந்தும் ஸ்கூட்டரும் விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகின்றன. இடைவெளி 8 மீட்டர். பேருந்து திடீரென்று பிரேக் போடுகிறது. இரண்டு வண்டிகளின் பிரேக்கும் ஒரே திறன் உடையவை என்றாலும், நான் ஒரு விநாடி தாமதமாகத்தான் பிடிப்பேன். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட வேண்டிய குறைந்த இடைவெளி 15 மீட்டர். என்னிடம் இருந்ததோ 8. ஆகவே விடை: முடியாது. மோதியிருப்போம். பேருந்து ஓட்டுநரின் தவறு ஒரு பங்கு. என் கோபம் அதோடு இரண்டாவது தவறைச் சேர்த்திருந்தது.

மோதினால் யாருக்கு என்ன ஆகும்? 12,000 கிலோகிராம் நிறையுள்ள பேருந்து ஒன்று விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வருகிறது. சைக்கிளும் ஆளுமாகச் சேர்ந்து 60 கிலோகிராம், நின்றுகொண்டிருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி இருவர் மீதும் விழும் விசை சமம்தான். ஆனால் நிறை 200 மடங்கு வேறுபடுகிறது. உந்த அழிவின்மை விதியின்படி கணக்கிட்டால், மோதலில் பேருந்தின் வேகம் விநாடிக்கு 7½ செ.மீ. குறையும். சைக்கிளில் இருப்பவரின் வேகமோ சுழியிலிருந்து ஏறத்தாழ 15 மீட்டராக ஒரே கணத்தில் உயரும். நியாயம் உங்கள் பக்கம் இருக்கலாம். நிறை பேருந்தின் பக்கம் இருக்கிறது. சாலையில் வழக்கைத் தீர்ப்பது நிறைதான்.

விநாடியைக் கொடுங்கள்

முரட்டு ஓட்டுநர் என்ன செய்கிறார்? எதிர்வினைக்கு வேண்டிய அந்த ஒரு விநாடியை வீணாக்கிவிடுகிறார். நாம் அவரைத் திருத்த முடியாது. ஆனால் அவர் தொலைத்த விநாடியை நம் பக்கத்திலிருந்து கொடுக்க முடியும். மூன்று நிலைமைகளைப் பார்ப்போம்.

ஒன்று: பின்னால் நெருக்குபவர். நீங்கள் அப்பாவின் வண்டியில் அமர்ந்து, விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் போகிறீர்கள். 5 மீட்டர் பின்னால் ஒரு வேன் ஒட்டிக்கொண்டு வருகிறது. வேகத்தைக் கூட்டி ஓட வேண்டும் என்று தோன்றும். கூடாது, வேனும் கூட்டும். அப்பா திடீரென்று அழுத்தமாகப் பிரேக் பிடித்தால் வேனுக்கு 10 மீட்டர் தேவை, இருப்பது 5. எனவே செய்ய வேண்டியது, நமக்கு முன்னால் உள்ள இடைவெளியை அதிகமாக்கிக்கொள்வது. முன்னால் இடம் இருந்தால் திடீர்ப் பிரேக்குக்கே தேவை இராது. மெல்ல மெல்லக் குறைக்கலாம். அப்படிக் குறைக்கும்போது வேன் ஓட்டுநருக்கு அவர் தொலைத்த விநாடி திரும்பக் கிடைக்கிறது. பிறகு நல்ல இடம் பார்த்து ஓரமாக ஒதுங்கி, அவரைப் போகவிடுங்கள்.

இரண்டு: எதிரே முந்தி வருபவர். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் பேருந்தை 20 மீட்டர் வேகத்தில் ஒரு கார் முந்துகிறது. முன்னும் பின்னும் இடைவெளி, இரு வண்டிகளின் நீளம் எல்லாம் சேர்த்து 45 மீட்டரைக் கார் கூடுதலாகக் கடக்க வேண்டும். வேக வேறுபாடு 5 மீட்டர். ஆகவே 9 விநாடி பிடிக்கும். அதற்குள் கார் 180 மீட்டர் ஓடும். எதிரே நீங்கள் வரும் வண்டி 15 மீட்டர் வேகத்தில் வந்தால் 135 மீட்டர் ஓடும். மொத்தம் 315 மீட்டர் வெற்றுச் சாலை வேண்டும். அவ்வளவு இல்லை என்று தெரிகிறது. முகப்பு விளக்கை மின்னவிட்டுக்கொண்டு அதே வேகத்தில் நேரே போவது வீரம் அன்று. உங்கள் வண்டி 5 மீட்டர் வேகத்துக்கு இறங்கினால் அது ஓடும் தூரம் 45 மீட்டர்தான். அவருக்கு 90 மீட்டர் சாலையைத் தானம் செய்துவிட்டீர்கள்! அதில் உங்கள் உயிரும் பிழைத்தது.

மூன்று: முன்னால் செல்பவர். அவர் எப்போது நிற்பார், எப்போது திரும்புவார் என்று தெரியாது. இதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. முன்னால் செல்லும் வண்டி ஒரு மரத்தையோ மைல்கல்லையோ கடக்கும்போது “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று நிதானமாக எண்ணுங்கள். எண்ணி முடிப்பதற்குள் நீங்கள் அந்த மரத்தை அடைந்துவிட்டால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பிரிட்டனின் சாலை விதி நூலும் இந்த இரண்டு விநாடி இடைவெளியையே சொல்கிறது. ஈரச் சாலையில் அதை இரு மடங்காக்கச் சொல்கிறது. மீட்டர் கணக்கு எதுவும் வேண்டாம். வேகம் கூடினால் இடைவெளியும் தானே கூடிவிடும்.

கவனக்குறைவுக்கு மருந்து

முரடர்களைவிட எண்ணிக்கையில் அதிகமானவர்கள் கவனம் இல்லாதவர்கள். இவர்களிடம் கெட்ட எண்ணம் இல்லை. நம்மைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். விநாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் போகும் ஒருவர் இரண்டு விநாடி கைபேசியைப் பார்த்தால், 30 மீட்டர் தூரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறார்.

லாரி அல்லது பேருந்தின் அருகில் இருக்கும்போது அதன் பக்கக் கண்ணாடியைப் பாருங்கள். ஒளி சென்ற பாதையிலேயே திரும்பவும் வரக்கூடியது. எனவே கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிந்தால், உங்கள் முகம் அவருக்குத் தெரியக்கூடும். அவர் முகம் தெரியவில்லையா? அந்தக் கண்ணாடியில் நீங்களும் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். உடனே பின்தங்கிவிடுங்கள்.

நீளமான வண்டி திரும்பும்போது அதன் பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தில் செல்வதில்லை. உள்பக்கமாகக் குறுக்கிச் செல்லும். சந்திப்பில் இடது பக்கம் திரும்பப்போகும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் நடுவே சைக்கிளை நுழைத்து நிற்காதீர்கள். முதலில் இருந்த இடம், பேருந்து திரும்பும்போது இருக்காது. நிறுத்தியிருக்கும் கார்களின் ஓரமாகப் போகும்போது, ஒரு கதவின் அகலம் தள்ளிப் போங்கள்.

திட்டாதீர்கள், கையைக் காட்டிச் சண்டைக்கு இழுக்காதீர்கள். வண்டி எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு, நின்ற பிறகு எழுதிப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஆபத்தான முறையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவின்படி குற்றம். விபத்தைக் கண்டால் 108-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். காயமுற்றவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019-இல் செய்யப்பட்ட சட்டத் திருத்தம் பாதுகாப்பு அளித்திருக்கிறது.

முரட்டு ஓட்டுநர் யார்?

இதுவரை ‘அவர்’, ‘அவர்’ என்றே பேசினோம். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஓலா ஸ்வென்சன் 1981-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஓட்டும் திறமையில் மற்றவர்களோடு ஒப்பிட்டு உங்களை எங்கே வைப்பீர்கள் என்று அவர் கேட்டார். அமெரிக்காவில் கேட்கப்பட்டவர்களில் 93 விழுக்காட்டினரும், ஸ்வீடனில் 69 விழுக்காட்டினரும் தங்களைத் திறமையான மேல்பாதியில் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு கூட்டத்தின் மேல்பாதியில் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்க முடியுமா? தவறு எப்போதும் அடுத்தவரிடம்தான் என்று நினைப்பது மனித இயல்பு. ஸ்கூட்டரை முறுக்கிய நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்த ‘அவர்’ உங்கள் அண்ணனாக, மாமாவாக, நண்பனின் அண்ணனாக இருக்கலாம். பின் இருக்கையில் இருப்பவர் நீங்கள். “அண்ணா, கொஞ்சம் மெதுவாப் போ” என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். சிரித்தால் சிரிக்கட்டும். மகள் சட்டையைப் பிடித்து இழுத்ததால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீங்களும் 18 வயதாகும் வரை காத்திருங்கள். 50 கன செ.மீ.க்கு மேற்படாத மோட்டார் சைக்கிளுக்கு மட்டுமே 16 வயதில் உரிமம் உண்டு. உரிய வயதாகாத சிறுவர் ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் அடைய நேரும்.

என் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். உரிமம் பெற்றுத் தன் ஸ்கூட்டரை ஓட்டுகிறாள். சென்ற மாதம் அவள் பின்னால் உட்கார்ந்து அதே சாலையில் போனேன். அதே போன்ற ஹாரன் பின்னால் அலறியது. என் கைதான் இறுகியது. அவள் வேகத்தை மெல்லக் குறைத்தாள், ஓரமாக ஒதுங்கினாள், பேருந்து போய்விட்டது. “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று அவள் முணுமுணுப்பது எனக்குக் கேட்டது. பள்ளி வாசலைக் கடந்தபோது மணி பார்த்தேன். எங்களுக்குத் தாமதம் ஒன்றும் ஆகவில்லை.

நாளைக்கு நீங்களும் ஒரு மரத்தைக் குறித்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். இன்றைக்கே வீட்டில் உள்ளவர்களுக்கு அடிக்கோல் சோதனையைச் செய்து காட்டுங்கள். வண்டி ஓட்டும் பெரியவர்களிடம் முதலில் தொடங்குங்கள்.